கோதுமை விளையாத ஊரில் ரொட்டி மணம்

மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. நெல் உண்டு, செம்பனை உண்டு, ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர் மரங்கள் இருந்தன. கோதுமைக்கு மட்டும் இந்த மண்ணின் சூடும் ஓயாத மழையும் ஒத்துவரவில்லை. நாம் சாப்பிடும் ஒவ்வொரு துண்டு ரொட்டியும் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா போன்ற வெளிநாடுகளில் விளைந்து, கப்பலேறி வந்த கோதுமையிலிருந்துதான் பிறக்கிறது.

ஆனாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரொட்டி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலையில் யாரையாவது பார்த்து "பசியாறியாச்சா?" என்று கேளுங்கள். "ரொட்டியும் கோப்பியும்தான்" என்று பலர் சொல்வார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பையில் ரொட்டி, அலுவலக மேசையின் இழுப்பறையில் ரொட்டி, காய்ச்சல் வந்தால் ரொட்டி, இனிப்பு நீர் வந்தாலும் ரொட்டி.

சோறும் இட்லியும் தோசையுமாக வளர்ந்த நம் வீடுகளுக்குள் இது எப்படி வந்தது? யார் சுடுகிறார்கள்? மாவு எப்படி உப்புகிறது? இந்தக் கேள்விகளோடு பிரிக்பீல்ட்ஸில் தொடங்கி, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிள்ளான் வரை போய் வந்தேன்.

சூளை இருந்த இடம்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குள்ளேயே ஒரு நெருப்பு இருக்கிறது. 1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரைத் தீ அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம் வந்து மிச்சத்தையும் கொண்டுபோனது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊரை இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்ற முடிவு, ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் எடுக்கப்பட்டது. களிமண் கிடைத்த இந்தப் பகுதியில் செங்கல் சூளைகள் புகைந்தன. பெயரும் ஒட்டிக்கொண்டது.

சூளைகளுக்குப் பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் தமிழகத்துத் தமிழர்களும் மலையாளிகளும் சிங்களவர்களும் வந்தார்கள். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில், சற்றுத் தள்ளி 1894-இல் தொடங்கிய பௌத்த மகா விகாரை, விவேகானந்த ஆசிரமம், பாத்திமா மாதா தேவாலயம் என்று நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் பல உலகங்கள். ரயில்வே ஊழியர்களுக்காக 1915-இல் கட்டிய 'நூறு வீடுகள்' மட்டும் இப்போது இல்லை.

இத்தனை பேர் கூடி வாழ்ந்த இடத்தில் ரொட்டிக்கும் ஒரே பெயர் இருக்க முடியாது. யாழ்ப்பாண வழி வந்த மூத்தவர்களுக்கு அது 'பாண்'. இலங்கைக்குக் கப்பலில் வந்த போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். விகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்களும் அதையேதான் சொல்கின்றன. ஜப்பானியர் 'பன்' என்பதற்கும் மூலம் அதே போர்த்துகீசியச் சொல்தான். தமிழகத்து வழி வந்த நமக்கு அது 'ரொட்டி'.

மலாய் மொழியில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரிடமிருந்து வெண்ணெய்க்கு 'மெந்தேகா' என்ற சொல்லையும், பாலாடைக்கட்டிக்கு 'கேஜு' என்ற சொல்லையும் மலாய் எடுத்துக்கொண்டது. அவற்றை எதன்மேல் தடவுகிறோமோ அதற்கு மட்டும் இந்தியாவிலிருந்து வந்த 'ரொட்டி'யை வைத்துக்கொண்டது. மெந்தேகா தடவிய ரொட்டி என்று சொன்னால், ஒரே வாயில் இரண்டு கடல்வழி வணிகம் வந்துவிடுகிறது.

பினாங்கில் 'ரொட்டி பெங்காலி' என்று ஒரு வகை உண்டு. மேற்புறம் முறுகலாக, உள்ளே அடர்த்தியாக இருக்கும் பெரிய ரொட்டி. டிரான்ஸ்ஃபர் சாலையில் 1928-இல் தொடங்கிய ஓர் இந்திய முஸ்லிம் ரொட்டிக்கடையோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கும் லாபத்தில் பங்கு இருந்ததாம். 'பங்காளி' ரொட்டிதான் பிறர் வாயில் 'பெங்காலி' ஆனது என்று ஒரு கதை. வங்காளத்துக்கும் அந்த ரொட்டிக்கும் தொடர்பில்லை, அது நம் தமிழ்ச் சொல் என்பதைக் கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மோட்டாரில் வரும் கடை

துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளும் துணிக்கடைகளும் திறப்பதற்கு முன்பே, பின்தெரு அடுக்குமாடிகளின் கீழே ஒரு ஹாரன் சத்தம் கேட்கும். பின்னிருக்கையில் பெரிய பெட்டி, இருபுறமும் சரம் சரமாகத் தொங்கும் முறுக்கு, கெரோப்போக், மிட்டாய்ப் பொட்டலங்கள். பெட்டிக்குள் வெள்ளை ரொட்டி, தேங்காய்ப்பூ பன், காயா பன், கச்சாங் பன். 'ரொட்டி பாய்' என்று மலாய்க்காரர்களும் சீனர்களும் அழைப்பார்கள். நமக்கு அவர் ரொட்டிக்காரர்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஹாரன் இன்னும் ஆழமான நினைவு. பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி முடித்து வரும் நேரத்துக்கு லயத்து வாசலில் சைக்கிள் வந்து நிற்கும். தகரப் பெட்டியைத் திறந்ததும் வரும் வாசத்துக்கே பிள்ளைகள் கூடிவிடுவார்கள். காசு இல்லாவிட்டால் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் தீர்த்துக்கொள்ளலாம்.

நான் சந்தித்த ரொட்டிக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெயரெல்லாம் பத்திரிகையில் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"முந்தி இந்த வட்டாரத்துல அஞ்சாறு பேரு மோட்டார்ல சுத்துவோம் தங்கச்சி. இப்ப நான் ஒருத்தன்தான். படியேற முடியாத வயசானவங்க கயித்துல கூடையை இறக்குவாங்க. நான் ரொட்டியை வெச்சு அனுப்புவேன். அவங்களுக்காகத்தான் இன்னும் வர்றேன்."

"உங்களுக்குப் பிறகு யாருண்ணே?"

"மகன் ஷா ஆலத்துல வேலை பாக்குறான். அவன் எதுக்கு மழையில நனையணும்?"

அவர் ரொட்டி எடுக்கும் இடம் கிள்ளானில் இருந்தது. தவுக்கேயிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னார். "ராத்திரி போங்க. பகல்ல போனா ரொட்டியைத்தான் பாக்கலாம், வேலையைப் பாக்க முடியாது."

தண்டவாளத்தில் மாவு

கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிள்ளான். இந்தத் தடத்துக்கு வயது அதிகம். தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885-இல் ஓடியதுதான் மலாயாவின் முதல் ரயில். அடுத்த ஆண்டே, 1886-இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரண்டாவது தடம் திறந்தது. ஈயம் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவசரம். 1901-இல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இன்று அதுவே கிள்ளான் துறைமுகம்.

ஈயமும் ரப்பரும் வெளியே போன வழியில் அரிசியும் மாவும் உள்ளே வந்தன. ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் காலை உணவில் ரொட்டி வேண்டும். அவர்கள் வீட்டுச் சமையலறைகளில் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனச் சமையல்காரர்கள் பலர் இருந்தார்கள். ரொட்டி சுடும் கையை அங்கே பழகியவர்கள் பின்னர் தனியாகக் கோப்பிக்கடைகள் திறந்தார்கள். கோலாலம்பூரின் புகழ்பெற்ற 'யூட் கீ' கடை 1928-இல் தொடங்கியது. இப்படித்தான் துரை வீட்டு ரொட்டி தெருவுக்கு வந்தது.

இடையில் ஒரு முறை இந்த வழி அடைபட்டது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலம். கப்பல் இல்லை, மாவு இல்லை, அரிசியும் போதவில்லை. மரவள்ளிக்கிழங்குதான் உயிரைக் காத்தது. கிழங்கு மாவைப் பிசைந்து சுட்டால் அப்பளம்போல் தட்டையாக வரும், ரொட்டிபோல் உப்பாது. ஏன் என்பதற்கான பதில் அன்றிரவு ரொட்டிக்கடையில் கிடைத்தது.

இரவு பத்து மணிக்கு மேல்

தெங்கு கிளானா சாலையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும் நேரத்தில் அந்தக் கடைக்குப் போனேன். வெளியே பலகைகூட இல்லாத ஒரு பழைய கடைவீடு. உள்ளே மேசை, தகர அச்சுகள், ஒரு பெரிய கலவை இயந்திரம், சுவரோரம் 25 கிலோ மாவு மூட்டைகள். பெரியவர் ஒருவர், அவரிடம் வேலை பார்க்கும் மூன்று பேர்.

சாயங்காலமே மாவில் பாதிக்கு மேல் எடுத்து, ஈஸ்ட்டும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து மூடி வைத்திருந்தார்கள். இதைத் 'தாய் மாவு' என்றே அங்கே சொல்கிறார்கள். நான் போனபோது அது பானையில் பொங்கிய இட்லி மாவுபோல் குமிழிட்டுக் கிடந்தது. லேசான புளிப்பு வாசம்.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் சாராயத்தையும் வெளியிடும். இதை மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்தினான், என்ன நடக்கிறது என்று தெரியாமலே. எகிப்தியர்கள் உப்பிய ரொட்டி சுட்டார்கள். கி.பி. 79-இல் எரிமலையில் புதைந்த பொம்பெய் நகரில் கரியாகிப்போன முழு ரொட்டிகள் கிடைத்திருக்கின்றன. ஜோர்டானில் 14,000 ஆண்டுகளுக்கும் முந்திய அடுப்பில் கருகிய தட்டை ரொட்டியின் துணுக்குகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். விவசாயம் தொடங்கும் முன்பே மனிதன் காட்டுத் தானியத்தில் ரொட்டி சுட்டிருக்கிறான். நொதித்தல் உயிருள்ள ஒன்றின் வேலை என்று லூயி பாஸ்டர் நிறுவியது 1857-க்குப் பிறகுதான்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும். கோதுமையில் குளுட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் சேர்த்துப் பிசைந்ததும் இவை கைகோத்து 'குளுட்டன்' என்ற வலையாகின்றன. ஒன்று விறைப்பைத் தருகிறது, மற்றது இழுபடும் தன்மையைத் தருகிறது. பலூன்போல் இந்த வலை விரிந்து வாயுவை உள்ளே வைத்துக்கொள்கிறது. மரவள்ளி மாவில் இந்த வலை கிடையாது. அரிசியிலும் கிடையாது. நம் இட்லி உப்புவதற்குக் காரணம், உளுந்தின் வழுவழுப்பு அந்த வேலையை ஓரளவு செய்வதுதான். உளுந்தைக் குறைத்தால் இட்லி கல்லாவது ஏன் என்று இப்போது புரியும்.

பெரியவர் கலவை இயந்திரத்தில் தாய் மாவைப் போட்டு, மீதி மாவு, உப்பு, சீனி, மார்ஜரின் எல்லாம் சேர்த்தார். பிறகு ஒரு வாளி ஐஸ் கட்டியைக் கொட்டினார்.

"ரொட்டிக்கு எதுக்கு ஐயா ஐஸ்?"

"நம்ம ஊரு சூட்டுக்கும்மா. மெஷின் சுத்தச் சுத்த மாவு வேற சூடாகும். விட்டா கையை மீறிப் போயிடும்."

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு அறிவியல் கணக்கு உண்டு. மாவின் சூடு 10 டிகிரி கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். குளிர்நாட்டில் 20 டிகிரியில் இரண்டு மணி நேரம் எடுக்கும் பொங்கல், நம் 30 டிகிரியில் பாதி நேரத்தில் முடிந்துவிடும். வேகமாகப் பொங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மணமும் சுவையும் மெதுவாகத்தான் சேரும். வலையும் தளர்ந்து, அடுப்புக்குள் போனதும் ரொட்டி அமுங்கிவிடும். அதனால்தான் மாவை 27 டிகிரி அளவில் நிறுத்தப் பார்க்கிறார்கள். மேலைநாட்டுச் சமையல் குறிப்பைப் பார்த்து வீட்டில் ரொட்டி சுடுபவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இது. அதில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள், மாவைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி மெதுவாகத் திரும்பி எழ வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் பொங்க வேண்டும். எழவே இல்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது.

மாவு பதமானதா என்று பார்க்கப் பெரியவர் ஒரு துண்டைக் கிள்ளி, இரு கைகளாலும் மெல்ல விரித்து விளக்குக்கு நேரே பிடித்தார். கிழியாமல், மறுபக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஜவ்வாக விரிந்தது. ரொட்டி சானாய் போடும் மாமாக் கடைக்காரர் மாவை வீசி விரிப்பதும் இதே வலையை நம்பித்தான். அங்கே ஈஸ்ட் இல்லை. பிசைந்த உருண்டைகளை எண்ணெயில் மணிக்கணக்காக ஊறவிட்டு வலையைத் தளர்த்துகிறார்கள், அவ்வளவே.

நள்ளிரவு தாண்டி அச்சுகள் அடுப்புக்குள் போயின. முதல் சில நிமிடங்களில் ரொட்டி விறுவிறுவென்று எழுகிறது. சாகும் முன் ஈஸ்ட் செய்யும் கடைசி உழைப்பும், விரியும் வாயுவும், நீராவியும் சேர்ந்த எழுச்சி அது. மாவின் உள்சூடு 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் இறந்துவிடுகிறது. அதே சமயம் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் களியாகி, புரதவலை இறுகி, ரொட்டிக்கு உருவம் நிலைக்கிறது. உள்ளே எவ்வளவு நேரம் வெந்தாலும் 100 டிகிரியைத் தொடாது, ஏனெனில் ஈரம் இருக்கிறது. வெளிப்புறம் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து அந்தப் பழுப்பு நிறமும் மணமும் பிறக்கின்றன. 1912-இல் இந்த வினையை விளக்கிய பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மையாரின் பெயரே அதற்கு இருக்கிறது. தோசையின் முறுகலுக்கும் கோப்பிக்கொட்டையின் நிறத்துக்கும் அதே வினைதான் காரணம்.

வெந்த ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினார். குடத்தில் தட்டியதுபோல் சத்தம். "இதுதான் எங்களுக்கு மீட்டர்" என்றார்.

அவரிடமும் கேட்டேன், அடுத்து யார் என்று. வேலையாட்கள் கிடைப்பதில்லை, இரவு வேலைக்கு யாரும் வருவதில்லை, மாவு விலை ஏறினாலும் பன் விலையைப் பத்து காசு ஏற்றத் தயக்கமாக இருக்கிறது என்றார். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. அந்த ஆண்டு மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. எங்கோ வெடித்த குண்டின் சத்தம் கிள்ளானின் ஒரு கடைவீட்டு மாவு மூட்டையில் கேட்டது. பெரிய ஆலைகள் மொத்தமாக வாங்கிச் சமாளிக்கலாம். வாரத்துக்கு வாரம் மூட்டை வாங்குபவர் என்ன செய்வார்?

நேற்றைய ரொட்டியின் மறுபிறப்பு

விடிந்ததும் கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள 'சோங் கோக்' கோப்பிக்கடைக்குப் போனேன். 1940-இல் தொடங்கிய கடை. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, நடுவே காயாவும் வெண்ணெயும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, கெட்டியான கோப்பி. மூன்று இனத்தாரும் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து பசியாறும் இடம்.

வாட்டும்போது ரொட்டிக்கு என்ன ஆகிறது? ரொட்டி பழசாகிக் கெட்டிப்படுவதற்குக் காரணம் ஈரம் காய்வது என்றுதான் எல்லோரும் நினைப்போம். 1852-இல் பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், காற்றுப் புகாமல் அடைத்து வைத்த ரொட்டியும் கெட்டிப்படுவதைக் காட்டினார். வெந்தபோது குலைந்த மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்ல மறுபடி இறுகி அடுக்காகிறது. மீண்டும் 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்து ரொட்டி மிருதுவாகிறது. நேற்றைய ரொட்டியைக் கரியடுப்பில் வாட்டும் கோப்பிக்கடைக்காரர் இதைப் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

இதில் வீட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மாவுச்சத்து வேகமாக இறுகுவது குளிர்சாதனப் பெட்டியின் சூட்டில்தான். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைக்கிறோம், அது கட்டையாகிவிடுகிறது. இரண்டு நாளைக்குள் தீரும் என்றால் வெளியே மூடி வையுங்கள். அதிகம் இருந்தால் துண்டுகளாக உறைபெட்டியில் போட்டு, வேண்டும்போது நேரடியாக வாட்டிக்கொள்ளுங்கள்.

ஷா ஆலம் வழியாக

திரும்பும் வழியில் ஷா ஆலம். 1986-இல் மலேசியாவில் தொடங்கிய கார்டெனியாவின் ஆலை இங்கேதான் இருக்கிறது. நம் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வெட்டிய ரொட்டி அமெரிக்காவில் பிறந்தது. 1928 ஜூலையில் மிசௌரி மாநிலத்தின் சில்லிகோத் ஊரில், ஓட்டோ ரோவெடர் உருவாக்கிய இயந்திரம் வெட்டிய ரொட்டி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. அதே 1928-இல்தான் கோலாலம்பூரில் யூட் கீயும் பினாங்கில் அந்தப் 'பங்காளி' ரொட்டிக்கடையும் பிறந்தன என்பது ஒரு தற்செயல்.

ஆலை ரொட்டியின் மிருதுத்தன்மைக்கு வேறொரு ஊர் காரணம். இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆய்வுக்கூடத்தில் 1961-இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். அதிவேகமாகச் சில நிமிடங்கள் பிசைந்து, வைட்டமின் சி சிறிதளவு சேர்த்தால், மணிக்கணக்காகப் பொங்கவிட வேண்டியதில்லை. உலகின் பல நாட்டு ஆலைகளுக்கு அந்த முறை பரவியது. ரொட்டி மலிவானது, ஒரே அளவில், ஒரே சுவையில், நாள்தோறும் கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நேரம் தரும் மணம் ஒன்று இருக்கிறது. அது கிள்ளான் கடைவீட்டில் அச்சைக் கவிழ்த்தபோது வந்தது.

வணிக வளாகங்களில் இப்போது விற்கும் பஞ்சுபோன்ற ஜப்பான், தைவான் பாணி ரொட்டிகளில் ஒரு ரகசியம் உண்டு. மாவில் ஒரு பங்கைத் தண்ணீரில் கரைத்து 65 டிகிரி வரை கிண்டிக் கூழாக்கிச் சேர்க்கிறார்கள். 2007-இல் வந்த ஒரு தைவான் சமையல் புத்தகம் இந்த முறையைப் பிரபலமாக்கியது. கூழ் அதிக ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ரொட்டி பல நாள் மிருதுவாக இருக்கும். கூழ் கிண்டத் தெரிந்த நம் பாட்டிமாருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

சோற்றுக்குப் பதில் ரொட்டி?

இந்தப் பயணத்தில் இனிப்பான விஷயங்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் சரியாகாது. 2019-இன் தேசிய சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. எல்லா இனத்தாரையும் சேர்த்தால் அது 18.3 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்றால், நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் என்றுதான் அர்த்தம்.

"சோற்றைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் இரவுக்கு வெள்ளை ரொட்டி வந்துவிடுகிறது. ரொட்டி லேசான உணவு, நோயாளிக்கு உகந்தது என்ற நம்பிக்கை. கணக்கு வேறு சொல்கிறது. உணவு எவ்வளவு வேகமாக இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை அளக்கும் அட்டவணையில் குளுக்கோஸ் 100 என்றால், வெள்ளை ரொட்டி சுமார் 75, வெள்ளைச் சோறு சுமார் 73. நாலு துண்டு ரொட்டிக்கு மேல் காயாவும் தடவி, சீனி போட்ட தேத்தண்ணியும் குடித்தால் சோற்றை விட்டு என்ன பயன்? அரைத்த முழுக்கோதுமை ரொட்டியும் இந்த அட்டவணையில் சுமார் 74தான். அதில் நார்ச்சத்து கூடுதல், வயிறு நிறையும் என்பது உண்மையான நன்மை. பழுப்பு நிறமாக இருப்பதெல்லாம் முழுக்கோதுமை ஆகிவிடாது, உறையின் பின்பக்கத்தில் முதலில் எழுதியிருக்கும் மாவு எது என்று படியுங்கள். ரொட்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு துண்டு, கூடவே முட்டையோ பருப்போ காய்கறியோ என்று அளவறிந்து சாப்பிட்டால் அது நண்பன்தான்.

யாருக்காக ஹாரன்

விடியற்காலையில் அந்தக் கிள்ளான் கடையின் பின்வாசலில் நான்கு மோட்டார்கள் வந்து நின்றதைப் பார்த்தேன். சூடு ஆறாத ரொட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போனது. முன்பு பத்துப் பன்னிரண்டு மோட்டார்கள் வருமாம். ஒரு ரொட்டிக்காரர் வருவதை நிறுத்தினால், கடையில் ஓர் அச்சு வரிசை குறைகிறது. இன்னும் இரண்டு பேர் நின்றால், அடுப்பை எரிப்பதே நட்டம். இந்த இரண்டு தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஆலை ரொட்டி எங்கும் போய்விடாது. அதைக் காப்பாற்ற நாம் தேவையில்லை. உங்கள் தமானில் இன்னும் ஒரு ஹாரன் கேட்கிறது என்றால், வாரத்தில் ஒரு நாள் கீழே இறங்கிப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். இரண்டு வெள்ளியோ மூன்று வெள்ளியோ கொடுத்து ஒரு பன் வாங்கும்போது, இது எந்த அடுப்பில் வெந்தது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலில் ஒரு தெருவும், ஒரு மனிதரும், ஓர் இரவு முழுக்கக் கண் விழித்த உழைப்பும் இருக்கும்.